பாலியஸ்டருக்குப் பகை தண்ணீரல்ல, சூடும் எண்ணெயும்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

திண்டுக்கல் அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் நீங்கள், வாரத்தில் ஐந்து நாளும் பூனம் சேலையோ ஜார்ஜெட் சேலையோதான் கட்டுவதாகவும், வாங்கிய ஒரு வருடத்திற்குள்ளேயே அவை பொலிவிழந்து சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். துவைத்துக் காயவைத்து மடித்த பிறகும் ரவிக்கையில் ஒரு புளித்த வாடை இருக்கிறது. மகனின் விளையாட்டு பனியனிலோ அது இன்னும் அதிகம். போதாததற்கு, இஸ்திரி போடும்போது ஒரு சேலையின் கொசுவப் பகுதியில் உள்ளங்கை அகலத்திற்குப் பளபளப்பான தடமும் நடுவே ஒரு சிறு ஓட்டையும் விழுந்துவிட்டது. புதிதாக எடுத்த சுடிதார் மேல்சட்டை முதல் சலவையிலேயே நான்கு விரற்கடை சுருங்கிவிட்டது. கடைசியாக, உங்கள் அம்மா உங்களுக்குத் தந்த, இதுவரை தண்ணீரே படாத காஞ்சிபுரம் பட்டுச் சேலையை வீட்டிலேயே துவைக்கலாமா, உறவினர் சொல்வதுபோல் முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் துவைக்கும் முறையையும் ஒளிக்காமல் விவரமாக எழுதியது எனக்குப் பெரிய உதவி. இரவே சலவைத்தூள் கரைத்த சுடுதண்ணீரில் ஊறவைக்கிறீர்கள்; காலையில் இயந்திரத்தில் 60 டிகிரியில் ஓட்டுகிறீர்கள்; ஒவ்வொரு முறையும் வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஒரு மூடி கண்டிஷனர் ஊற்றுகிறீர்கள்; தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இத்தனையும் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டவை. பருத்திப் போர்வைக்கும் வேட்டிக்கும் இவற்றில் பாதி பொருந்தவும் செய்யும். ஆனால் உங்கள் பூனம், ஜார்ஜெட் சேலைகளின் இழையான பாலியஸ்டருக்கு இவை ஒவ்வொன்றுமே தீங்கு. நான் முதலில் சாயப்பட்டறையிலும் பிறகு சலவைத் தொழிலிலுமாகப் பல ஆண்டுகளாகத் துணியோடு இருப்பவன். பாலியஸ்டர் கெட்டுப்போய் என்னிடம் வருகிற துணிகளில் பெரும்பாலானவை அழுக்கால் கெட்டவை அல்ல, அழுக்கை எடுக்கச் செய்த வேலையால் கெட்டவை. அதனால்தான் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாலியஸ்டர் என்பது 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய இழை. அங்கே அதற்கு வைத்த டெரிலீன் என்ற பெயரில் இருந்துதான் நம் வீடுகளில் புழங்கிய டெரிகாட்டன் என்ற சொல் வந்தது. தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கும் இந்த இழையும் ஒரே பொருள்தான். இதைச் சொல்வது உங்கள் சேலையைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. அந்தப் பொருளின் இரண்டு குணங்களை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பதற்காகத்தான். முதல் குணம், அது தண்ணீரைக் குடிக்காது. சாதாரணக் காற்றில் இருக்கும் 100 கிராம் பருத்தி ஏழு, எட்டு கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பட்டு அதைவிடவும் கூடுதலாக வைத்திருக்கும். பாலியஸ்டரோ அரைக் கிராம்கூட வைத்திருக்காது. தண்ணீரை விரும்பாத அந்த இழை எண்ணெயை மட்டும் விரும்பிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது குணம், சூடு பட்டால் அது இளகும். ஆறும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே இறுகிவிடும்.

முதலில் மங்கலையும் வாடையையும் எடுத்துக்கொள்வோம், இரண்டிற்கும் வேர் ஒன்றுதான். நம் உடம்பில் வியர்வையோடு தோலின் எண்ணெய்ப் பசையும் சுரக்கிறது. பருத்தியில் வியர்வை இழைக்குள் போய்விடும். பாலியஸ்டரில் தண்ணீர் மேலோடு ஆவியாகிவிட, எண்ணெய்ப் பசை மட்டும் இழையின் மேல் மெல்லிய பூச்சாகத் தங்கிவிடுகிறது. அந்தப் பசைதான் வாடையை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இரை. 2014-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளை ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக வைத்திருந்து முகர்ந்தும் சோதித்தும் பார்த்தார்கள். பாலியஸ்டர் சட்டைகளின் வாடை பருத்திச் சட்டைகளை விடக் கடுமையாக இருந்தது. வாடையை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை நுண்ணுயிர்கள் பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தன. ஆகவே மகன் சரியாகக் குளிப்பதில்லை என்று அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவனுடைய பனியனின் இயல்பு அது.

இந்த எண்ணெய்ப் பூச்சின் மேல்தான் நீங்கள் ஒவ்வொரு வாரமும் கண்டிஷனர் ஊற்றி வந்திருக்கிறீர்கள். துணியை மென்மையாக்கும் திரவம் எதுவாக இருந்தாலும், அதன் வேலை இழையின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு படலத்தைப் படியவைப்பதுதான். கைக்கு வழுவழுப்பாகத் தெரிவது அந்தப் படலமே. பருத்தித் துண்டில் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கது. பாலியஸ்டரில், ஏற்கெனவே இருக்கும் உடம்புப் பசையை மேலே மூடி, அடுத்த சலவையில் சோப்பு உள்ளே போகாதபடி அடைத்துவிடுகிறது. வியர்வையை வெளியே கடத்துவதற்காக நெய்த விளையாட்டு பனியன்களில் அந்த வசதியையும் கெடுத்துவிடுகிறது. அதன் மேல் மணக்கும் மல்லிகை வாசனை இரண்டு மணி நேரத்தில் போய்விடும்; அடியில் இருக்கும் வாடை போகாது. இந்த ஒன்றை மட்டுமாவது இன்றே நிறுத்திவிடுங்கள்.

இரவு முழுவதும் ஊறவைப்பதும் அவ்வாறே. சோப்புத் தண்ணீரில் அழுக்கு முதல் 15, 20 நிமிடத்தில் பெருமளவு கழன்று வந்துவிடும். அதற்குப் பிறகும் துணி அங்கேயே கிடந்தால், கழன்று மிதக்கும் எண்ணெய் அழுக்கு, தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை விரும்பும் பாலியஸ்டர் மேலேயே மறுபடியும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே வாளியில் பாத்திரம் துடைக்கும் துணியையோ கால்மிதியையோ சேர்த்து ஊறவைத்தால், அவற்றின் அழுக்கையும் சேலை வாங்கிக்கொள்ளும். ஆழ்துளைத் தண்ணீரின் கடினத்தன்மை இதோடு சேர்கிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது. உங்கள் வீட்டுப் பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் தாராளமாக இருக்கின்றன. சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்தால் அவை சோப்போடு கூடி, கரையாத பிசுக்காகத் துணியில் படிந்துவிடும். நீங்கள் சொல்லும் சாம்பல் நிறம் எண்ணெயும் கண்டிஷனரும் இந்தப் பிசுக்கும் சேர்ந்து படிந்ததுதான். துணியின் சாயம் போகவில்லை. பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது அழுத்தக் கலனில் 130 டிகிரியில். சாயத் துகள் இழைக்குள்ளேயே போய் அடைந்துவிடும். வீட்டுச் சலவையில் அது எளிதாக வெளியே வராது. படிந்ததை எடுத்துவிட்டால் உங்கள் சேலைகளின் நிறம் பெரும்பாலும் மீண்டும் தெரியும்.

அதை எடுக்க ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். உலர்ந்த சேலையில் இடுப்பில் செருகும் பகுதி, தோளில் படும் முந்தானை, கால் பக்கக் கரை ஆகிய இடங்களில், ரவிக்கையானால் அக்குளிலும் கழுத்துப் பட்டியிலும், பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவி, 10 நிமிடம் விட்டுவிடுங்கள். துணி உலர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். நனைத்த பிறகு விட்டால் திரவம் நீர்த்துப்போய் எண்ணெயைத் தொடாது. பிறகு 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி திரவ டிடர்ஜென்டைக் கலக்கி, 20 நிமிடத்திற்கு மேல் போகாமல் ஊறவைத்து, அழுத்தி அழுத்தி எடுங்கள். வெதுவெதுப்பு என்று நான் சொல்வது 40 டிகிரிக்கு உட்பட்டது. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூடு. மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, மூன்றாவது அலசலில் வாளிக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றினால், கடினத் தண்ணீரின் படிவு கரைந்துவிடும். காய்ந்த பிறகு வினிகர் வாடை இருக்காது. வினிகர் ஊற்றும் தண்ணீரில் வெளுப்புத் திரவமோ பிளீச்சிங் பவுடரோ ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது, நச்சுவாயு எழும். மூன்று நான்கு சலவைகளில் மாற்றம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பல ஆண்டுப் படிவு ஒரே நாளில் போகாது, பொறுமையாக இருங்கள்.

பனியனுக்கு மட்டும் சிறிது கூடுதல் வைத்தியம் வேண்டும். என்சைம் கலந்த டிடர்ஜென்ட் என்று உறையில் அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகள் அதில் இருக்கும். பனியனை உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் துவையுங்கள், ஏனென்றால் அழுக்கு இருப்பது உடம்பில் படும் பக்கத்தில்தான். ஆனால் இதைவிட முக்கியமானது, விளையாடிவிட்டு வந்ததும் ஈரப் பனியனைப் பைக்குள் சுருட்டி வைக்காமல் கொடியில் போடச் சொல்வது. மறுநாள் துவைத்தாலும் பரவாயில்லை, இரவு முழுவதும் ஈரமாகச் சுருண்டு கிடக்கக் கூடாது. இதே என்சைம் டிடர்ஜென்டைப் பட்டுக்கும் கம்பளிக்கும் தவறியும் பயன்படுத்தாதீர்கள். அவை இரண்டும் புரதத்தால் ஆனவை. கறையைத் தின்னும் நொதி துணியையும் தின்னும்.

இனி சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய வேதனை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சாயப்பட்டறையில், 130 டிகிரியில் சாயமேறிய பாலியஸ்டர் துணியைப் படிப்படியாக ஆறவிடாமல், மணியாகிவிட்டது என்று கலனிலிருந்த தண்ணீரைச் சூடாகவே வடித்துவிட்டோம். கயிறுபோல் முறுக்கிக் கிடந்த துணி, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்த முறுக்கோடேயே இறுகிவிட்டது. வெளியே எடுத்து விரித்தபோது, நல்ல நீல நிறத் துணி முழுவதும் நீளவாக்கில் நகக்கீறல்போல வரிகள். நீவியும் போகவில்லை, நீராவியிலும் போகவில்லை. அன்று அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. உங்கள் இயந்திரத்தில் 60 டிகிரியில் சுழன்று, நெருக்கி அடைத்த துணிகளுக்கு நடுவே கசங்கி, அப்படியே வேகமாகப் பிழியப்படும் ஜார்ஜெட் சேலைக்கு நடப்பதும் அதே செயலின் சிறிய வடிவம்தான். பாலியஸ்டர் இழை சுமார் 70 டிகிரியில் இளகத் தொடங்கும்; தண்ணீருக்குள் இருக்கும்போது அதற்கும் கொஞ்சம் முன்பே. இளகியபோது விழுந்த மடிப்பு, ஆறிய பிறகு நிலைத்துவிடும். கடைகளில் விற்கும் நிரந்தரக் கொசுவம் வைத்த துப்பட்டாக்களை இதே குணத்தைப் பயன்படுத்தித்தான் செய்கிறார்கள். நல்லதற்குப் பயன்படுத்தினால் கொசுவம், கவனக்குறைவாக இருந்தால் கசங்கல்.

எனவே இயந்திரத்தில் போடுவதானால், டெலிகேட் என்றோ சிந்தெடிக் என்றோ குறித்த சுற்றில், 30 டிகிரியில், பிழியும் வேகத்தை நிமிடத்திற்கு 400-இலிருந்து 600 சுற்றுக்குள் வைத்து ஓட்டுங்கள். துணிக்கு நகர இடம் இருக்க வேண்டும் என்பதால் உருளையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். கல், மணி, ஜரிகை வேலைப்பாடு உள்ளவற்றைப் பின்களைக் கழற்றிவிட்டு வலைப்பையில் போடுங்கள். ஜீன்ஸ், துண்டு, கொக்கி வைத்த உள்ளாடை ஆகியவற்றோடு ஜார்ஜெட்டைச் சேர்க்கவே வேண்டாம். நூல் இழுபடுவதும், துண்டின் பஞ்சு அதன் மேல் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். சுற்று முடிந்ததும் எடுத்து உதறி, நிழலில் அகலமாக விரித்துவிட்டால், பூனம் சேலைக்கு இஸ்திரியே தேவைப்படாது. தண்ணீரைக் குடிக்காத இழையாயிற்றே, அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

கொதிக்கும் தண்ணீரில் சலவைச் சோடா போட்டு வேகவைத்தால் எந்தத் துணியும் வெளுத்துவிடும் என்று இன்னும் சிலர் சொல்வதுண்டு. சூரத்தில் பாலியஸ்டர் சேலைத் துணியைப் பட்டுபோல் வழவழப்பாக்குவதற்குக் காஸ்டிக் சோடாவில் சூடாக ஓடவிட்டு, இழையின் மேற்புறத்தைக் கரைத்து எடை குறைப்பார்கள். ஆலையிலேயே ஒருமுறை மெலிந்து வந்த துணி அது. வீட்டில் நீங்களும் சலவைச் சோடாவின் காரத்தையும் கொதிநிலையையும் சேர்த்துக் கொடுத்தால், மெலிந்தது மேலும் மெலியும்.

இஸ்திரித் தடத்திற்கு வருகிறேன். இஸ்திரிப் பெட்டியின் குமிழில் ஒரு புள்ளி என்றால் அடித்தகட்டின் சூடு 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பருத்திச் சட்டையை மூன்று புள்ளியில் முடித்த கையோடு, பெட்டி ஆறுவதற்குள் ஜார்ஜெட்டில் வைத்துவிட்டீர்கள் என்றே ஊகிக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் நடப்பது இதுதான். பாலியஸ்டர் முழுமையாக உருகுவது 250 டிகிரிக்கு மேல்தான். ஆனால் மெல்லிய ஜார்ஜெட் அழுத்தத்தோடு சேர்ந்த சூட்டில் அதற்கு முன்பே மசிந்துவிடும். சூடேறும் வேகத்தில் பெட்டியும் குறித்த அளவைத் தாண்டும். நெசவாளர்கள் நூலை எண்ணப் பயன்படுத்தும் சிறு பூதக்கண்ணாடியை அத்தகைய தடத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல ஜார்ஜெட்டில் முறுக்கிய நூல்கள் மணல்மணிபோல் மேடும் பள்ளமுமாக நிற்கும். தடத்தில் அவை அமுங்கிப் பட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணாடித் தகடுபோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பளபளப்பு என்று நாம் காண்பது அதைத்தான். தடம் மெலிதாக இருந்தால், பெட்டியைத் துணியில் படாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து நீராவி காட்டி, மென்மையான தூரிகையால் வருடினால் சிறிது எழும்பும். இழைகள் ஒட்டிப்போயிருந்தால் எழும்பாது. அதற்கு மருந்து இருக்கிறது என்று சொல்லி உங்களை நம்பவைக்க எனக்கு மனமில்லை.

இனிமேல் ஜார்ஜெட், ஷிபான், சாட்டின், கிரேப் ஆகியவற்றை முதலில், ஒரு புள்ளிச் சூட்டில், உட்புறத்தில், மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்து இஸ்திரி போட்டுவிட்டு, அதற்குப் பிறகே சூட்டைக் கூட்டிப் பருத்திக்குப் போங்கள். இஸ்திரி போட்ட விரிப்பின் மேல் சேலையின் நிறம் மங்கலாகப் படிந்திருந்தால் சூடு அதிகம் என்று பொருள். தண்ணீருக்கு வெளியே வராத அந்தச் சாயம் சூட்டில் ஆவியாகி வெளியேறும். சூடு ஆறும் முன் மடித்து அடுக்காதீர்கள், மடிப்பு நிலைத்துவிடும். தெருமுனையில் கரிப்பெட்டியில் தேய்ப்பவரிடம் கொடுப்பதாக இருந்தால், பாலியஸ்டர் சேலைகளைத் தனியாகக் கட்டிக் கொடுத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். கரிப்பெட்டியில் சூட்டை அளக்கும் வசதி கிடையாது. அனுபவமுள்ளவர் ஈரத்துணியில் ஒற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வார், ஆனால் உங்கள் சேலை என்ன இழை என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

என்ன இழை என்று உங்களுக்கே தெரியாதபோது ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் சுடிதார் சுருங்கிய காரணமும் அதிலேயே விளங்கும். தையலின் உட்புறத்தில் விட்டிருக்கும் துணியிலிருந்து, சேலையானால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து, இரண்டு அங்குல நூல் ஒன்றை உருவி, சாமணத்தில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகி, கரும்புகை விட்டு எரிந்து, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். பட்டு தயங்கித் தயங்கி எரியும். முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சிய கரி விரலில் பொடியாகும். பருத்தியும், ரேயான் என்றும் சொல்லப்படும் மரக்கூழ் இழையான விஸ்கோஸும் காகிதம்போல் சட்டென்று பிடித்து எரிந்து மெல்லிய சாம்பலாகும். உங்கள் சுடிதார் துணி இப்படிக் காகிதம்போல் எரியும் என்றே எதிர்பார்க்கிறேன். கடைக்காரர் ரேயான் என்றோ மோடல் சில்க் என்றோ சொல்லி விற்றிருப்பார். பளபளப்பையும் துவளலையும் பார்த்துப் பாலியஸ்டர் என்று நினைத்து நீங்களும் அதே வாளியில் போட்டிருப்பீர்கள். விஸ்கோஸ் பாலியஸ்டருக்கு நேர் எதிரானது. தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்துப் பருக்கும். நூல் பருக்கும்போது துணி குறுகும். ஈரமாக இருக்கும்போது தன் வலுவில் பாதியளவை இழந்து நிற்கும். அதை முறுக்கிப் பிழிவதும் ஈரத்தோடு கொடியில் தொங்கவிடுவதும் அதற்குப் பெரிய துன்பம். குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் அலசி, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, படுக்கைவாக்கில் காயவையுங்கள். சுருங்கிய சட்டையை மீண்டும் நனைத்து, அரை ஈரத்தில் நீளவாக்கில் மெல்ல இழுத்துக்கொடுத்தபடி உட்புறத்தில் இஸ்திரி போட்டால், நான்கு விரற்கடையில் ஒன்றோ இரண்டோ திரும்பக் கிடைக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதிய உணவைப் பள்ளியில் சாப்பிடுகிறவர் நீங்கள். சாம்பார் தெறித்த இடத்தில் உடனே சோப்புப் போட்டால் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பதறிவிடாதீர்கள், மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் காரத்தில் அப்படி மாறுவது இயல்பு, அலசினால் பழைய நிறத்திற்கு வந்துவிடும். அந்த நிறப்பொருளும் எண்ணெயில் கரைவது. பாலியஸ்டர் அதைச் சாயம்போலவே ஏற்றுக்கொள்ளும், சுடுதண்ணீர் ஊற்றினால் இன்னும் உள்ளே போய்விடும். முதலில் தாளால் எண்ணெயை ஒற்றி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் தடவி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, எஞ்சும் மஞ்சளை மட்டும் வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. இரண்டு மூன்று நாள் காலை வெயிலில் கறை இருக்கும் பகுதியை மட்டும் விரித்து வைத்தால் போய்விடும். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் எந்தக் கறையையும் துடைக்க முயல வேண்டாம். உங்கள் துணி அசிடேட் என்ற இழையில் நெய்த சாட்டினாக இருந்துவிட்டால், துணியே கரைந்து ஓட்டையாகிவிடும்.

அம்மாவின் பட்டுச் சேலையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், அதற்கு மாற்று கிடையாது என்பதால். உப்புத் தண்ணீர் வேண்டாம். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் உப்பு சாயத்தை நிறுத்தாது. ஆனால் ஜரிகையைக் கறுக்கவைக்கும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. உப்பு, வியர்வை, வாசனைத் தெளிப்பு, நாப்தலின் உருண்டை, ரப்பர் வளையம் எல்லாமே வெள்ளிக்கு ஆகாதவை. துவைப்பதா வேண்டாமா என்பதை ஒரு சோதனை சொல்லும். வெள்ளைப் பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சேலையின் உட்பக்க ஓரத்தில் உடலின் நிறம், கரையின் நிறம், முந்தானையின் நிறம் என்று மூன்று இடங்களில் தனித்தனியாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எந்த ஒரு இடத்திலாவது வெள்ளையில் நிறம் இறங்கினால், அந்தச் சேலையைத் தண்ணீரில் போடவே கூடாது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்த சேலையில் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறிவிட்டால் எடுக்க வழி இல்லை. நம்பிக்கையான உலர்சலவை (டிரை கிளீனிங்) கடையில், அசல் ஜரிகை என்று சொல்லிக் கொடுங்கள். இதுவரை தண்ணீரே படாத சேலை என்பதால், நிறம் இறங்காவிட்டாலும் முதல் முறை உலர்சலவைக்குக் கொடுப்பதையே நான் விரும்புவேன்.

அடுத்தடுத்த முறைகளில், சோதனையில் நிறம் இறங்காத நிலையில், வீட்டிலேயே அலசலாம். நான்கைந்து பூந்திக்கொட்டைகளை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய நுரைத் தண்ணீர் பட்டுக்கு ஏற்றது, காரம் இல்லாதது. கிடைக்காவிட்டால் கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு சில துளிகள். குடிக்கும் தண்ணீராகப் பிடித்து வைத்த கடினமில்லாத தண்ணீரில், இரண்டு மூன்று நிமிடம் முக்கி முக்கி எடுத்து, உடனே இரண்டு முறை அலசுங்கள். ஊறவைப்பது, தேய்ப்பது, பிழிவது மூன்றும் கூடாது. பழைய பருத்தித் துண்டில் சேலையை விரித்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, வெயில் படாத காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். சிறிது ஈரம் இருக்கும்போதே உட்புறத்தில், இரண்டு புள்ளிக்குக் கீழான சூட்டில், பருத்தித் துணியை மேலே போட்டு இஸ்திரி போடலாம்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்து, ஒரு மணி நேரம் நிழலில் காற்றாட விட்டு, முன்பு மடித்த வரியிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள். ஜரிகை ஒடிவது எப்போதும் பழைய மடிப்பு வரியில்தான். உங்கள் அம்மா எத்தனை ஆண்டாக ஒரே மடிப்பில் வைத்திருந்தாரோ தெரியவில்லை. ஆகவே முதல் தடவை பிரிக்கும்போது உதறாமல், கட்டிலில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, மடிப்பு வரிகளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்காவது நூல் விட்டிருந்தால், உலர்சலவைக்குக் கொடுப்பதற்கு முன்பே அந்த இடத்தில் உட்புறமாக மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்துவிடச் சொல்லுங்கள். அதையே செய்து தரும் தையற்காரரிடம் ஓட்டை விழுந்த ஜார்ஜெட்டையும் கொடுத்தால், சேலையின் முதல் சுற்று உள்ளே செருகும் பக்கத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போட்டுத் தந்துவிடுவார்; கொசுவ மடிப்புக்குள் அது வெளியே தெரியாது.